திரும்பி வரும் நாய்க்கும் இடம் வைத்திருங்கள்

சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் எங்கள் வீடு. ஏற்காட்டுக்கு ஏறும் சாலை அதிகத் தூரமில்லை. அதனால் மலைப்பாதையில் யாராவது நாயை விட்டுப் போனால் தகவல் எனக்குச் சீக்கிரம் வந்துவிடும். அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணனோ, எஸ்டேட்டுகளுக்குச் சாமான் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுநரோ கூப்பிடுவார். "அக்கா, வளைவு ஓரமாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. போகிற கார் ஒவ்வொன்றையும் எழுந்து நின்று பார்க்கிறது" என்பார். தெருவில் பிறந்த நாய் காரைக் கண்டால் ஒதுங்கும். எழுந்து நின்று பார்க்கிறது என்றால், அது ஒரு வீட்டில் வளர்ந்து, ஒரு காரிலிருந்து இறக்கிவிடப்பட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் இறக்கிவிட்டார்களோ, அந்த இடத்தை விட்டு அது நாள்கணக்கில் நகராது. மழை பெய்தாலும் நகராது.

இப்படி வருகிற நாய்களை வீட்டில் தற்காலிகமாக வைத்து, உடம்பைத் தேற்றி, பொருத்தமான குடும்பம் கிடைத்ததும் கொடுப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இதில் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் சோறு, மருந்து, செலவு பற்றித்தான். அவை கடினம்தான், ஆனால் கற்றுக்கொள்ளக் கூடியவை. கொடுத்த பிறகு நடப்பதுதான் உண்மையில் கடினம். அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

முதலில், எந்த நாயை வீட்டுக்குக் கொண்டுவருவது என்பதில் தெளிவு வேண்டும். தெருவில் நன்றாக வாழ்கிற நாயைப் பாவம் என்று தூக்கி வராதீர்கள். தெருக்காரர்கள் சோறு வைக்கிறார்கள், அதற்கென்று ஒரு திண்ணை இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள் என்றால் அதற்குத் தேவை கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் மட்டும்தான். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் கருத்தடை செய்த தெரு நாயைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றுதான் சொல்கின்றன. வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்டவை, அடிபட்டவை, தாயை இழந்த குட்டிகள், கண் தெரியாதவை, கிழடுகள் ஆகியவற்றுக்குத்தான் வீடு வேண்டும். இருக்கும் ஒரே இடத்தைத் தெருவில் பிழைக்கத் தெரிந்த நாய்க்குக் கொடுத்துவிட்டால், பிழைக்கத் தெரியாத லாப்ரடாருக்கு இடம் இருக்காது.

வளர்த்த நாயைத் தக்க காரணமின்றிப் பட்டினிக்குக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றம். அந்தச் சட்டம் முதல் குற்றத்துக்கு எழுதிவைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. காரில் மலையேறி நாயை இறக்கிவிட்டுப் போகிறவருக்கு அது பெட்ரோல் காசு கூட இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வந்த நாயை நேராக வீட்டுக்குள் விடக்கூடாது. வீட்டில் வேறு நாய் இருந்தால் 2 வாரம் தனியாக வைக்க இடம் வேண்டும். மாடிப்படிக்குக் கீழோ, கார் நிறுத்தும் இடத்தில் தடுத்த ஒரு மூலையோ போதும். தனித் தட்டு, தனிச் சாக்கு, தனித் துடைப்பம், அந்தப் பக்கம் போக மட்டும் ஒரு செருப்பு. இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்கள் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த குட்டியைப் பார்த்ததில்லை. காலையில் சோர்ந்து படுக்கும். மாலையில் வாந்தி எடுக்கும். மறுநாள் ரத்தமாகக் கழியும், அந்த நாற்றம் தனியாகத் தெரியும். அந்தக் கிருமி நிழலான மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். சாதாரண பினாயில் அதைக் கொல்லாது. தரையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால்தான் சாகும். குட்டி இறந்த வீட்டில் தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியைப் பல மாதங்களுக்குக் கொண்டுவரக்கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் துக்கத்தில் இருப்பவர்கள் ஆறுதலுக்காக உடனே இன்னொரு குட்டியைத் தேடுகிறார்கள்.

குட்டிகளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போடவேண்டும். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக 16 வாரம் வரை தொடரவேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். குடற்புழு மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். பெரிய நாய்களில் நம் பக்கத்தில் ஓயாத தொல்லை உண்ணிக் காய்ச்சல். சாப்பிடாது, ஈறு வெளுத்திருக்கும், சில நேரம் மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பெரும்பாலும் நான்கு வாரம் மாத்திரை எழுதுவார்கள். ஐந்தாம் நாளே நாய் ஓடி விளையாடும், உடனே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நாய்க்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், பாரசிட்டமால் அதன் ஈரலையும் ரத்தத்தையும் கெடுத்துவிடும்.

செலவைப் பற்றி ஒன்று. நாயைக் கண்டெடுத்தவர் யாரோ, அவரிடம் மருத்துவச் செலவு யாருடையது என்பதை நாய் வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே பேசிவிடுங்கள். "நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் எல்லோரும் ஒரு வாரத்தில் காணாமல் போவார்கள். நல்லவர்கள்தான், அடுத்த வேலை வந்துவிடுகிறது. தாளில் எழுதிக்கொண்டால் நினைவிருக்கும்.

இனி நாயின் குணம். முதல் சில நாட்கள் அது காட்டுவது அதன் குணமே அல்ல. மூலையில் சுருண்டு, குரைக்காமல், சோற்றுத் தட்டை எடுத்தாலும் பேசாமல் இருக்கும். "எவ்வளவு சாது!" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அது பயத்தில் உறைந்திருக்கிறது. மூன்று நாள் பயம் தெளிய, மூன்று வாரம் வீட்டு ஒழுங்கு புரிய, மூன்று மாதம் இது என் இடம் என்று நம்ப என்று நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது ஏறக்குறைய சரி. மூன்றாவது வாரத்தில்தான் தட்டருகே உறுமுவதும், தொப்பி போட்ட ஆளைக் கண்டு குரைப்பதும், குக்கர் விசிலுக்குக் கட்டிலடியில் ஓடுவதும் வெளிவரும். அதற்கு முன்பு கொடுத்துவிட்டால், நீங்கள் கொடுத்தது ஒரு நாய், அவர்கள் வீட்டில் கண் விழிப்பது வேறொரு நாய்.

உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது அது தரும் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால், அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். தட்டருகே உறுமும் நாய்க்கு நான் எட்ட நின்று ஒரு துண்டு கோழிக்கறியைத் தூக்கிப் போடுவேன். மறுநாள் ஓரடி கிட்டே நின்று போடுவேன். ஆள் வந்தால் சோறு பறிபோகாது, கூடத்தான் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். அது முழுதாக மாறாமலும் போகலாம். அப்படியென்றால் சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதைக் கொடுப்பதில்லை, எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும்.

இந்த வேலையில் இருப்பவர்கள் வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசியை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. கடியோ பல் கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைக்கக்கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். முன்தடுப்பு ஊசி போட்டிருந்தாலும் போகவேண்டும், தவணை குறையுமே தவிர ஊசி தேவையில்லை என்றாகாது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் ஊசி இலவசம். நோய் அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. நாயை நேசிப்பவர்கள் இதில் அசட்டையாக இருந்தால், கெட்ட பெயர் நாய்க்குத்தான் வரும்.

நாய் தயாராகிவிட்டது, வீடு தேடவேண்டும். கேட்டு வருபவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பாதிப்பேர் "ஆண் நாய்தானே?" என்று முதலில் கேட்பார்கள். பெண் நாய் என்றால் குட்டி போடும் என்ற பயம். கருத்தடை ஆகிவிட்டது என்று தழும்பைக் காட்டினாலும் தயங்குவார்கள். நகத்தை எண்ணி ராசி பார்ப்பவர்கள் உண்டு. நாய் வந்த மாதத்தில் தொழில் படுத்தால் அதன் ராசிதான் என்று சொல்லிக் கொண்டுவந்து விடக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களை நான் வாசலிலேயே தெரிந்துகொள்கிறேன்.

கேட்பவர் வீட்டுக்கு நான் நேரில் போகாமல் நாயைக் கொடுப்பதில்லை. போனால் சுற்றுச்சுவர் உயரத்தையும் கேட்டின் அடியில் உள்ள இடைவெளியையும் பார்ப்பேன். பிறகு எல்லோரையும் உட்காரச் சொல்லிப் பேசுவேன். ஆசைப்படும் பையனோ பெண்ணோ நிறையப் பேசும். அப்பா சிரித்துக்கொண்டு தலையாட்டுவார். சமையலறை வாசலில் ஒருவர் பேசாமல் நிற்பார். அவரிடம்தான் என் கேள்விகள். பகலில் நாயோடு இருக்கப்போவது யார்? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் என்ன செய்வீர்கள்? வாடகை வீடா, சொந்தமா? பையனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தால்? வீட்டுக்கு மருமகள் வந்து அவளுக்கு நாய் பிடிக்காவிட்டால்? ஒருமுறை ஒரு அம்மா தயங்கித் தயங்கி, "எனக்கு மூட்டுவலி. குனிந்து அள்ளிப்போட என்னால் முடியாது. இவர்கள் யாரும் செய்யமாட்டார்கள்" என்றார். அந்த வீட்டுக்கு நான் நாய் கொடுக்கவில்லை. அந்தப் பெண் குழந்தை அழுதது. அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்த நிம்மதி எனக்கு மறக்காது.

பொருத்தம் என்பது விசித்திரமான இடத்திலிருந்து வரும். அம்மாப்பேட்டைப் பக்கம் தறிக்கூடம் ஒன்றை மூடியபோது, அங்கேயே பிறந்து வளர்ந்த செவலை என்ற நாட்டு நாயை என்னிடம் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டில் அதற்கு இரவெல்லாம் தூக்கமில்லை. சின்னச் சத்தத்துக்கும் துள்ளி எழுந்து குரைத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுமை இழந்தார்கள். அமைதியான பெரிய வீடுகள் சிலவற்றிலிருந்து கேட்டார்கள், எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் கொண்டலாம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் ஒரு குடும்பம் வந்தது. மற்ற நாய்கள் அந்த இரைச்சலில் மிரண்டு ஓடிவிடுகின்றன என்று சொன்னார்கள். செவலை தறிக்குப் பக்கத்தில் போனதும் படுத்துத் தூங்கிவிட்டது. அந்த ஒற்றை அறை வீட்டைவிட நல்ல இடம் அதற்குச் சேலத்தில் கிடையாது.

இதற்கு நேர்மாறானது மலை. "ஏற்காட்டில் எஸ்டேட் இருக்கிறது, சுதந்திரமாக ஓடட்டும்" என்று சொன்னால் யாருக்கும் ஆசை வரும். நல்ல எஸ்டேட் குடும்பங்களும் உண்டு, அவர்களிடம் கொடுத்த நாய்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரும் மூடுபனியும் வயதான நாயின் மூட்டுக்கு ஆகாது. மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். காப்பிக்கொட்டையில் இருக்கும் கஃபீன் நாய்க்கு நஞ்சு, அறுவடைக் காலத்தில் காயவைத்த களத்துப் பக்கம் தின்னி நாயை விடமுடியாது. காட்டெருமை வந்தால் நகரத்தில் வளர்ந்த நாய்க்கு எட்டி நிற்கத் தெரியாது. இவற்றையெல்லாம் சொன்ன பிறகும் வேண்டும் என்பவர்களுக்குக் கொடுக்கலாம். மலைக்கு அழைத்துப் போகும்போது சில மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்திவிடுங்கள், வளைவுகளில் வாந்தி எடுக்கும்.

ஆடி மாதத்தில் சேலத்துக்குள் நான் நாய் கொடுப்பதே இல்லை. கோட்டை மாரியம்மன் முதல் தெருவுக்குத் தெரு பண்டிகை, குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை என்ற அலங்கார வண்டி ஊர்வலம், பம்பை, வெடி, ஒலிபெருக்கி. புது இடத்தில் பழகாத நாய் முதல் வெடிக்கே சுவரைத் தாண்டும். தாண்டினால் திரும்பி வர அதற்கு வழி தெரியாது. தீபாவளியை ஒட்டிய வாரங்களும் அப்படித்தான். எப்போது கொடுத்தாலும் தொலைபேசி எண் பொறித்த வில்லையைக் கழுத்துப்பட்டையில் மாட்டியே கொடுங்கள். ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். துரத்தத் துரத்த ஓடும். ஓடிய இடத்தில் தரையில் உட்கார்ந்து, அது விரும்பும் தீனியை வைத்துக் காத்திருங்கள். வாசலில் அது படுத்த சாக்கைப் போட்டுவையுங்கள்.

இப்போது, நான் சொல்ல வந்த விஷயம். கொடுத்த நாய் திரும்பி வரும். எல்லா விசாரணையும் செய்து, எல்லாப் பொருத்தமும் பார்த்துக் கொடுத்தாலும் சில வரும். வேலை மாறும், ஒருவர் படுக்கையில் விழுவார், வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்வார், நாயும் குழந்தையும் ஒத்துப்போகாது. வருவது கெட்டதல்ல. வரவேண்டிய நாய் வராமல் போவதுதான் கெட்டது.

படித்த, வசதியான ஒரு குடும்பத்துக்கு மணி என்ற நாயைக் கொடுத்திருந்தேன். முதலில் படங்கள் அனுப்பினார்கள். பிறகு பதில் குறைந்தது. கேட்டபோது, கேட் திறந்திருந்தபோது ஓடிவிட்டது என்றார்கள். தெருத்தெருவாகத் தேடினோம், சுவரில் படம் ஒட்டினோம். கடைசியில் அது ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில், குட்டைச் சங்கிலியில் இருப்பதாகத் தெரிந்தது. அவர்களே தெரிந்தவர் மூலமாகக் கொடுத்திருந்தார்கள். கழுத்தில் சங்கிலி அறுத்த புண்ணில் புழு வைத்திருந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "திருப்பிக் கொடுத்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று வெட்கமாக இருந்தது" என்றார் அந்த வீட்டுப் பெண். அவர் பொய் சொன்னதை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த வெட்கம் உண்மையானது என்பதும் எனக்குப் புரிந்தது. நாய்க்காக உழைப்பவர்கள் பலர் திருப்பித் தருகிறவர்களைக் கொலைகாரர்களைப் போல ஊரறியத் திட்டுகிறார்கள். அதைப் பார்த்த அடுத்த குடும்பம், கூப்பிட்டுச் சொல்ல அஞ்சி, இரவில் காரை எடுத்துக்கொண்டு மலைப்பாதைக்குப் போகிறது.

அதனால் இப்போது கொடுக்கும் அன்றே, நாயின் கயிற்றை அவர்கள் கையில் கொடுக்கும்போதே, திருப்பித் தருவதைப் பற்றிப் பேசிவிடுகிறேன். "முடியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். ஏன் என்று குறுக்கு விசாரணை செய்யமாட்டேன். ஒரு வாரம் மட்டும் அவகாசம் கொடுங்கள், இடம் செய்துகொண்டு வந்து அழைத்துப் போகிறேன். வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்" என்று சொல்லி, அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறேன். அந்தத் தாளை வைத்து வழக்கு நடத்துவது என் எண்ணமல்ல, பேசிய பேச்சு இரண்டு பக்கமும் நினைவில் நிற்கவேண்டும். முதல் வாரம் தினமும் பேசுவேன், பிறகு வாரம் ஒருமுறை. "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதில்லை, "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எது தொல்லையாக இருந்தது?" என்று கேட்பேன். செருப்பைக் கடித்தது, வாசல் கோலத்தில் சிறுநீர் கழித்தது, தாத்தாவைப் பார்த்துக் குரைக்கிறது என்று வரிசையாக வரும். இவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே சரிசெய்யலாம். இப்படிக் கேட்கத் தொடங்கிய பிறகு திரும்பி வரும் நாய்கள் குறைந்திருக்கின்றன. வருபவையும் புண்ணில்லாமல் வருகின்றன.

திரும்பி வருவதற்கு இடம் வேண்டும் என்பதால், வீட்டின் எல்லா மூலையையும் நிரப்புவதில்லை. இது என் வீட்டாரோடு செய்துகொண்ட ஒப்பந்தமும்கூட. மாமியார் காலையில் வாசல் தெளிக்கும் முன் நாய்ப்பக்கம் கழுவியாகவேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் குரைக்கும் நாய் உள்ளறையில் படுக்கவேண்டும். தேர்வு நேரத்தில் குட்டிகள் எடுப்பதில்லை. வீட்டில் ஒருவர் மனம் கசந்தால் இந்த வேலை நிலைக்காது. "எல்லா நாயையும் நீயே வைத்துக்கொள்ளேன்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கொடுக்கும்போது அழுகை வரத்தான் செய்கிறது. ஆனால் இருக்கும் நாய் போனால்தான், இப்போது வளைவோரத்தில் நிற்கும் நாய் உள்ளே வரமுடியும்.

நான் கொடுக்கும் அறிவிப்புகளில் நாயின் குறையை முதலில் எழுதுகிறேன். "அன்பான, அமைதியான, எல்லோரிடமும் பழகும்" என்று எழுதினால் நிறையப் பேர் கேட்பார்கள், நிறைய நாய்கள் திரும்பும். இப்போது எங்களிடம் இருப்பவளைப் பற்றி எழுதியிருப்பது இதுதான்:

ராணி. பெண் லாப்ரடார், வயது எட்டுக்குமேல் இருக்கும் என்கிறார் மருத்துவர். கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசிகள் போட்டாகிவிட்டது. பின்னங்காலில் மூட்டுத் தேய்மானம், மாடிப்படி ஏறமாட்டாள், தினமும் மாத்திரை உண்டு. சேலத்துக் கோடையில் பகலெல்லாம் மின்விசிறியும் ஈரத்தரையும் வேண்டும். காரில் ஏற்றினால் நடுங்குவாள், ஏற்றியே ஆகவேண்டுமென்றால் ஒருவர் பக்கத்தில் உட்காரவேண்டும். மற்ற நாய்களிடம் தட்டருகே சண்டைக்கு வருவாள், ஆகவே வேறு நாய் இல்லாத வீடு வேண்டும். பூனைகளைக் கண்டுகொள்வதில்லை. தரைத்தளத்தில் பகலில் ஆள் இருக்கும் வீடாக, முடிந்தால் ஓய்வுபெற்ற இருவர் இருக்கும் வீடாக இருந்தால் நல்லது. நான் முதலில் வந்து வீட்டைப் பார்ப்பேன். ஒத்துவராவிட்டால் நானே வந்து அழைத்துக்கொள்வேன்.